சங்கிலி பிடிப்பவர் சத்தம் போடக்கூடாது

1

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு நடுவர் என்னை மைதானத்தை விட்டு வெளியே போகச் சொன்னார். கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட சட்டை, வெள்ளைத் தொப்பி, வயது முப்பதுகூட இருக்காது. நான் ஜேர்மனிக்கு வந்து இந்த மாதத்தோடு இருபத்திரண்டு வருடம். நாட்டை விட்டுப் போகச் சொல்லி ஆரம்பத்தில் இரண்டு கடிதங்கள் வந்தன. இரண்டையும் வக்கீல் பார்த்துக்கொண்டார். ஆனால் நேருக்கு நேர் நின்று, விரலை நீட்டி, வெளியே போ என்று சொன்ன முதல் ஆள் இவர்தான். அந்தக் கடிதங்களில் நியாயம் இருக்கவில்லை. இவரிடம் இருந்தது.

வெளியே போனது எனக்குப் பெரிய விஷயமில்லை. என் வாயால் என் மகளுடைய இடம் போய்விட்டதோ என்பதுதான் பயம். ஞாயிறு பின்னேரம் தொடங்கி செவ்வாய் பின்னேரம் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்று வியாழக்கிழமை, மத்தியானம் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன். அதனால்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் இருக்கும் கெல்சென்கிர்ச்சன் உதைபந்தாட்டத்துக்குப் பேர்போன இடம். போன வருடம் உலகக்கிண்ணமே எங்கள் நகரத்துக்கு வந்தது. பஸ் சாரதி, பாண்கடைக்காரி, என் தொழிற்சாலைப் போர்மன் என்று எல்லோரும் முகத்தில் கொடி வரைந்துகொண்டு திரிந்தார்கள். என் மகள் தர்சிகா அந்தக் கோடையில்தான் வேறொரு விளையாட்டில் போய் விழுந்தாள். அமெரிக்க ஃபுட்போல். காலால் உதைப்பது அபூர்வம், கையால் எறிவதும் தூக்கிக்கொண்டு ஓடுவதும்தான் வேலை. பந்து இரண்டு முனையும் கூராகச் சின்னப் பப்பாளிப்பழம் அளவில் இருக்கும். நான்கு தடவைக்குள் பத்து யார், அதாவது ஏறக்குறைய ஒன்பது மீற்றர், முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து மற்ற அணிக்கு. இவ்வளவுதான் சட்டம், மிச்சமெல்லாம் மோதல்.

மோதலுக்கு நடுவே ஒருத்தி நிற்பாள். அவளைக் குவார்ட்டர்பாக் என்பார்கள். ஒவ்வொரு தடவையும் பந்து முதலில் அவள் கைக்குத்தான் வரும். எறிவதா, பக்கத்தில் உள்ளவளிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று மூன்று விநாடிக்குள் முடிவெடுக்க வேண்டும். அந்த மூன்று விநாடியில் நான்கைந்து பெரிய பெண்கள் அவளை விழுத்துவதற்கு ஓடி வருவார்கள். என் மகள் அந்த இடத்தில் நிற்கிறாள். ஐந்தடி மூன்று அங்குலம்.

அவள் எப்படிச் சேர்ந்தாள் என்று கேட்பீர்கள். எங்கள் வீடுகளில் வரும் கடிதங்களைப் பிள்ளைகள்தான் வாசித்துச் சொல்வார்கள். எட்டு வயதிலிருந்தே தர்சிகாதான் எங்கள் வீட்டு மொழிபெயர்ப்பாளர். வெளிநாட்டவர் அலுவலகத்து டெர்மின் திகதி, வாடகை வீட்டு அன்ட்ராக் விண்ணப்பம், மின்சாரக்காரனின் எச்சரிக்கை, எல்லாம் அவள் வாய்வழிதான் எங்களுக்கு வந்தன. அவளுக்குப் பதினேழு வயதாக இருக்கும்போது ஒருநாள் நான்கு பக்கப் படிவம் ஒன்றைக் கொண்டுவந்தாள்.

"என்ன பிள்ளை இது?"

"கழகத்திலை சேருறதுக்கு அப்பா. இஞ்சை ஒரு கையெழுத்து, இஞ்சை ஒரு கையெழுத்து."

நான்கு பக்கத்துக்கு இது சின்ன விளக்கம்தான். நான் வைத்தேன். மூன்றாவது பக்கத்தில் எலும்பு முறிவு, மூளை அதிர்ச்சி, பல் இழப்பு என்று ஒரு பட்டியலே இருந்ததும், அதற்கெல்லாம் சம்மதம் என்று நான் ஒப்பமிட்டதும், இரண்டு கிழமை கழித்து அவள் தலைக்கவசத்தோடு வீட்டுக்குள் வந்தபோதுதான் தெரியவந்தன.

என் மனைவி பவளம் அன்று ஆடிய ஆட்டத்தை எழுத இந்தத் தாள் போதாது. "பல்லுக்குக் கம்பி கட்டி இப்பத்தான் கழட்டினது. மூக்கு உடைஞ்சால் ஆர் இவளைக் கட்டுவான்? எல்லாம் நீங்கள் குடுத்த இடம்!" பல்வைத்தியரிடம் ஆஸ்பில்டுங் என்று தொழில் பழகும் பிள்ளைக்குப் பல்லின் அருமை தெரியும் என்று நான் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. தர்சிகா தாய்க்கு ஜேர்மன் மொழியில் ஏதோ பதில் சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். பதினான்கு வயதிலிருந்து அவள் அப்படித்தான். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஜேர்மனில் பதில் சொல்வாள். தன் காரியத்துக்குக் கையெழுத்து வேண்டுமென்றால் மட்டும் தமிழ் வரும். அதற்காகவே சில வேளைகளில் நான் படிவங்களை எதிர்பார்த்திருக்கிறேன்.

3

அவளைக் கூட்டிக்கொண்டு வரத்தான் முதலில் பயிற்சிக்குப் போனேன். மூன்றாவது மாதம் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஐந்தாவது மாதம் சங்கிலி என் கைக்கு வந்தது.

சங்கிலி என்பது இந்த விளையாட்டின் அளவுகோல். இரண்டு தடி, நடுவே பத்து யார் நீளச் சங்கிலி. அணி பத்து யார் போய்விட்டதா என்று பார்க்க அதை உள்ளே கொண்டு ஓடுவோம். சொந்த மைதானத்துக் கழகம்தான் இதற்கு ஆள் தரவேண்டும், ஆகவே பெற்றோர்தான் பிடிப்போம். ஆனால் நிற்பது எதிரணியின் பக்கத்தில், கோட்டிலிருந்து இரண்டு அடி தள்ளி. பிடிப்பவர்களுக்கு ஒரேயொரு கட்டளை உண்டு. ஆட்டம் முடியும்வரை நாங்கள் எந்த அணியும் இல்லை. கைதட்டக்கூடாது, கத்தக்கூடாது, யோசனை சொல்லக்கூடாது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் நடுவர் வந்து இதை எங்களுக்குச் சொல்வார், நாங்கள் தலையாட்டுவோம்.

யோசனை இல்லாதவனுக்கு இது சுகமான வேலை. எனக்கோ குவார்ட்டர்பாக் விஷயத்தில் யோசனை நிரம்பி வழிந்தது.

எங்கள் அணியில் இரண்டு குவார்ட்டர்பாக். ஒருத்தி சபீனா, இருபத்துநான்கு வயது, தச்சுவேலை செய்கிறாள். அவளுடைய கை, கை. நாற்பது யார் எறிவாள். யாருக்கு எறிகிறாள் என்பது மட்டும் எறிந்த பிறகுதான் அவளுக்கே தெரியும். ஒருத்தியை இரண்டு பேர் மறித்து நின்றால் சரியாக அவளிடமே எறிவாள். பந்தை ஐந்து விநாடி கையில் வைத்திருந்து, விழுந்து, எழும்பி, தனக்கு முன்னால் நின்ற தன் அணிக் காவல்காரிகளை முறைப்பாள். மற்றவள் என் மகள். இருபது யாருக்கு மேல் போகாது. ஆனால் பந்து கையில் வர முதலே எங்கே எறிவது என்று பார்த்துவிடுவாள். ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் இரண்டு பேரின் ஒவ்வொரு எறிதலையும் நான் எழுதி வைத்திருக்கிறேன். தகப்பன் என்பதற்காக ஒன்றும் கூட்டிப் போடவில்லை. இரண்டொரு இடத்தில் சந்தேகத்தின் பலனை மகளுக்குக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

பயிற்சியாளர் ஊவ, சுரங்கத்தில் வேலை செய்து அது மூடிய பிறகு பாரவண்டி ஓட்டும் பெரிய உருவம். பருவம் முழுவதும் இருவரையும் பாதிப் பாதியாக ஆடவிட்டார். இது மகா பிழையான முடிவு என்று நான் பவளத்துக்கு வாராவாரம் விளக்கினேன். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டு கேட்டாள். இரண்டு குவார்ட்டர்பாக் உள்ள அணிக்கு ஒரு குவார்ட்டர்பாக்கும் இல்லை. கடைசியில் ஊவவுக்கும் அது விளங்கியது. பருவத்தின் கடைசி ஆட்டத்தில் வென்றால் மேல் பிரிவு. அதற்கு முந்திய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை ஒருத்தியின் பெயரைப் பட்டியலில் முதலாவதாக எழுதுவேன் என்றார். அடுத்த வருடமும் இடம் அவளுக்குத்தான். மற்றவள் ஆடாமல் வாங்கில் இருப்பாள்.

வாங்கில் இருப்பது என்னவென்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தின் பெரிய கிரிக்கெட் மட்சுக்கு நான் இரண்டு வருடம் தெரிவானேன், இரண்டு வருடமும் பன்னிரண்டாவது ஆளாக. மற்றவர்களுக்குத் தண்ணீர் கொண்டு ஓடினேன். அம்மா தோய்த்து மடித்துத் தந்த வெள்ளைக் காற்சட்டை ஒரு புல்லுக்கறைகூட இல்லாமல் வீட்டுக்கு வந்தது. மட்ச் எப்படி என்று அம்மா கேட்கவில்லை, காற்சட்டையைப் பார்த்ததே போதும். தர்சிகாவுக்கு அது வரக்கூடாது என்று நினைத்தேன். அந்த நினைப்புத்தான் என்னைக் கெடுத்தது.

4

அந்த முந்திய ஆட்டம்தான் போன ஞாயிற்றுக்கிழமை, ஹனோவரிலிருந்து வந்த அணியோடு. முதல் பாதி சபீனா ஆடினாள். என் கொப்பி இல்லாமலே சொல்லலாம், நன்றாக ஆடினாள். இரண்டாம் பாதியில் தர்சிகா வந்து ஒவ்வொரு அடியாக அணியை முன்னே நகர்த்தினாள். கடைசி மூன்று நிமிடம், நான்கு புள்ளி பின்னுக்கு நிற்கிறோம், நான்காவது தடவை. இதில் எறிந்து, பிடித்து, எல்லையைத் தாண்டினால் வெற்றி. பிடிக்காவிட்டால் ஆட்டம் முடிந்தது.

பந்து அவள் கைக்கு வந்தது. அவள் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இந்தப் பக்கம், எனக்கு நேர் முன்னால், எங்கள் அணியின் ஹைக்க தனியாக ஓடுகிறாள். பக்கத்தில் ஒரு குருவிகூட இல்லை. என் மகள் காணவில்லை. இருபத்திரண்டு வருடமாக ஜேர்மன் ரயிலிலும் ஜேர்மன் கடையிலும் எந்த ரகசியத்தையும் உரக்கப் பேசிப் பழகிய வாய் இது. அங்கே நின்றவர்களில் ஒருவருக்கும் விளங்காது என்ற துணிவில் முழுத் தொண்டையையும் திறந்தேன்.

"இஞ்சாலை எறி பிள்ளை! இஞ்சாலை, இஞ்சாலை!"

அவள் திரும்பினாள். எறிந்தாள்.

அதே நேரம், மைதானத்தின் நடுவே நின்ற எதிரணிக்காரி ஒருத்தி, இலக்கம் இருபத்தொன்று, அம்பு போல இந்தப் பக்கம் பாய்ந்தாள். பந்து காற்றில் வர முதலே அவள் புறப்பட்டுவிட்டதை நான் கண்ணால் கண்டேன். ஹைக்கவின் கைக்கு வரவேண்டிய பந்தை முன்னால் பாய்ந்து பிடித்து, எங்கள் எல்லைவரை ஓடிப் போய்விட்டாள். எங்களுக்கு ஆட்டம் முடிந்தது. நடுவர் நேராக என்னிடம் வந்தார். நான் என்ன சொன்னேன் என்று அவருக்கு விளங்கவில்லை. வாய் திறந்திருந்ததே அவருக்குப் போதும்.

மிச்ச நிமிடங்களும் ஆடி முடிந்தபின், வேலிக்கு வெளியே கார்த் தரிப்பிடத்தில் நான் நின்றபோது இருபத்தொன்று தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். வியர்வையில் ஒட்டிய சுருட்டை முடி, காதில் சின்னத் தோடு.

"அங்கிள், நீங்கள் தமிழோ?"

"ஓம் பிள்ளை."

"இஞ்சாலை எண்டு நீங்கள் கத்தினது எனக்கும் கேட்டது. அதுதான் ஓடி வந்தனான்." சிரித்தாள். பிறகு முகம் மாறியது. "குவார்ட்டர்பாக் உங்கடை மகளோ? சொறி அங்கிள்."

வேறு என்ன செய்வது, நானும் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "ஊரிலை எவடம்?"

"அம்மா கொடிகாமம். அப்பா அளவெட்டி. நான் ஹனோவரிலைதான் பிறந்தனான். பேர் ஆரணி."

கொடிகாமத்தில் எவருடைய மகள் என்று விசாரித்து, தாயின் தமையனோடு நான் ஒரே வகுப்பில் படித்திருக்கிறேன் என்றும் கண்டுபிடித்தேன். என் மகளின் பந்தைப் பறித்தவளுக்கு அரை மாமன் ஆகிவிட்டேன். அவள் போன பிறகு காருக்குள் இருந்து நெற்றியில் அடித்துக்கொண்டேன்.

5

தர்சிகா வீடுவரை தலைக்கவசத்தின் வாரைக் கழற்றிக் கழற்றிப் பூட்டிக்கொண்டு வந்தாள். நான் ஒன்றும் கேட்காமல் காரை ஓட்டினேன். என் சத்தம் கேட்டுத்தான் எறிந்தாளா, அல்லது தானே ஹைக்கவைக் கண்டாளா என்பதுகூட எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை தொழிற்சாலையில் மெஷினுக்கு முன்னால் நின்று யோசித்தேன். ஊவவிடம் போய், அந்த எறிதல் அவள் பிழையில்லை, நான் கத்தினேன் என்று சொன்னால் என் மனம் ஆறும். ஆனால் குவார்ட்டர்பாக் என்றால் முடிவு அவளுடையதாக இருக்க வேண்டும் என்று வாராவாரம் வெங்காயத்துக்கு முன்னால் பிரசங்கம் செய்தவன் நான்தானே. அப்பா சொன்ன பக்கம் எறிகிற பிள்ளைக்கு எந்தப் பயிற்சியாளர் அணியைக் கொடுப்பார்? சொன்னால் அவளைச் சின்னப்பிள்ளை ஆக்கிவிடுவேன். சொல்லாவிட்டால் கண் தெரியாதவள் ஆக்கிவிடுவேன். இரண்டிலும் இடம் போகும்.

பவளத்திடம் சொன்னேன். விளையாட்டை அடியோடு வெறுப்பவள், நல்லதாய்ப் போச்சு என்பாள் என்று நினைத்தேன். அவள் அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பினாள்.

"பிழை விட்டது நீங்கள். போய்ச் சொல்லுங்கோ. அவள் இந்த ஒரு வருசமா எவ்வளவு நாரி நோவோடை எழும்பிப் போனவள் எண்டு எனக்குத்தான் தெரியும். நான்தான் இடுப்பிலை எண்ணெய் பூசிவிட்டனான்."

எனக்குத் தெரியாமல் என் வீட்டிலேயே இப்படி ஒரு வைத்தியம் நடந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னால் போனேன். ஊவ உபகரண அறையில் பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். என் ஜேர்மன் பதற்றத்தில் நொண்டும். வரும் வழியிலேயே வசனங்களைக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். அறைக்குள் போனதும் எல்லாம் சிதறிவிட்டன. "நான் கத்தினேன். என் பிழை. அவள் இல்லை," என்று மட்டும் வந்தது.

"தெரியும்," என்றார் ஊவ, காற்றடிப்பதை நிறுத்தாமல். "நடுவர் அறிக்கையில் எழுதியிருக்கிறார். அந்த இருபத்தொன்றும் பஸ் ஏற முதல் என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போனாள். நேர்மையான பிள்ளை. எங்கள் அணிக்கு வருவாளா என்று கேட்டேன், மாட்டாளாம்."

"அப்போ தர்சிகா?"

"அவளிடம் ஆட்டம் முடிந்ததும் கேட்டேன், ஏன் அங்கே எறிந்தாய் என்று. உன்னைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை, ஹெர் சிவா. பந்து என் கையிலிருந்து போனது, ஆகவே என்னுடையது என்றாள்." பந்தை அமுக்கிப் பார்த்துக் கூடையில் போட்டார். "சபீனாவுக்கு ஒருநாள் காற்றுப் பிழை, ஒருநாள் புல் பிழை, ஒருநாள் பிடிக்கிறவள் பிழை. எனக்கு என்னுடையது என்று சொல்லுகிற ஒருத்தி வேண்டும். மிச்சத்தைப் பழக்கலாம்."

கதவுக்குப் பின்னால் பட்டியல் ஏற்கெனவே ஒட்டியிருந்தது. முதல் வரியில் அவள் பெயர். எங்கள் நீண்ட பெயரைப் பெட்டிக்குள் அடக்க முடியாமல் பாதியில் வெட்டியிருந்தார்கள். அந்தப் பாதியைப் பார்த்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெட்கமாக இருந்ததால் பந்து ஒன்றை எடுத்துப் பார்ப்பதுபோல் நின்றேன். இரண்டு நாளாக நெஞ்சில் இருந்த பாரம் அப்படியே கழன்று விழுந்தது. வயிறு உடனே பசித்தது, உண்மையாகவே.

"ஆனால் உனக்குச் சங்கிலி இல்லை," என்றார் ஊவ. "கடைசி ஆட்டத்துக்கு நீ கேக் மேசை."

பெற்றோர் கேக் விற்கும் அந்த மேசை உடைமாற்றும் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிறது. அங்கிருந்து மைதானம் தெரியாது. தண்டனை கொடுக்கத் தெரிந்த மனிதர்.

வெளியே வந்தபோது, எனக்கு முதலே பட்டியலைப் பார்த்துவிட்ட சபீனா தண்ணீர்க் குழாயடியில் நின்றாள். கொப்பியில் அவளுக்கு நான் போட்ட கணக்கில் இரண்டு எறிதல் அநியாயம் என்று அந்த முகத்தைப் பார்த்தபோது ஒப்புக்கொண்டேன். முதல் பாதி மிக நன்றாக ஆடினாய் என்று சொன்னேன். "தெரியும்," என்றாள். பிறகு தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு பயிற்சிக்கு ஓடினாள்.

6

பயிற்சி முடிந்து தர்சிகா காரில் ஏறினாள். வியர்வையும் புல்லும் மணத்தன. காற்சட்டை முழுக்கச் சேறு, இருக்கைக்கு விரித்திருந்த துவாய் எல்லாம் சேறு. சந்தோஷத்தில் இரண்டு தடவை கியரைப் பிழையாகப் போட்டேன்.

பெரிய தெருவுக்கு வந்ததும் கேட்டேன். "நான் கத்தினது உனக்குக் கேட்டதோ?"

"ஜா," என்றாள் ஜேர்மனில், ஓம் என்று.

"ஹைக்கவை நீயாக் காணேல்லையோ?"

இதற்கும் ஜேர்மனில் ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். சிவப்பு விளக்கில் நின்றோம். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, படிவமோ கையெழுத்தோ எதுவும் தேவையில்லாமல், தமிழில் சொன்னாள்.

"நான் ஒண்டும் பாக்கேல்லை அப்பா. இனிக் கத்தாதேங்கோ. நீங்கள் சொன்னால் நான் யோசிக்காமல் செய்திடுவன்."

விளக்குப் பச்சையானது. பின்னால் நின்ற கார்க்காரன் ஹோர்ன் அடிக்கும்வரை நான் அங்கேயே நின்றேன்.